மதுரைக்கு ஒரு நல்ல புத்தகம்

"கையைத் தொட்ச்சிக்கினு தொடு, நைனா."

சின்னப்பையன் என்று பெயர் கொண்ட அந்தக் கூலியாள் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சேரித் தெருக்காரன் என்று தெரிந்துவிட்டதோ?

அதெல்லாம் இல்லை. புத்தகக் கடைக்காரர் சவரிநாதன் அவன் விரல்களில் இருந்த கரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ராயபுரம் ரயில்வே யார்டில் நிலக்கரி அள்ளுகிறவன் கை, எத்தனை தேய்த்தாலும் அப்படித்தான் இருக்கும். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பலகை மேல் மதுரை வழிகாட்டிகள் இரண்டு கிடந்தன.

ஒன்றுக்கு வழவழவென்று அட்டை, உள்ளே கோபுரப் படம், மடித்து ஒட்டிய தெருப்படம். மற்றது வைக்கோலை அரைத்துச் செய்தது போன்ற காகிதம்.

கடைக்கு வெளியே, மனைவி சொக்கம்மாள் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கண் மங்கிக்கொண்டே வருகிறது.

மதுரையில் ஒரு வைத்தியர் இருக்கிறார். யார் போனாலும் மருந்து போடுவார், ஆனால் தங்க இடம் தரமாட்டார். கட்டுப் போட்ட கண்ணில் பனியோ தூசியோ பட்டால் கண் போனதுதான் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆகவே எப்படியாவது ஒரு கூரை வேண்டும். எழும்பூரில் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜட்காக்காரன் ஏற்கெனவே ஒரு முறை குரல் கொடுத்துவிட்டான்.

"இத்த எட்த்துகினு போ. ஐகோர்ட்டு குமாஸ்தாங்களே இத்தத்தான் வாங்கறாங்க." சவரிநாதன் வழவழப்பை முன்னால் தள்ளினார்.

சின்னப்பையன் கோபுரத்தைப் பார்க்கவில்லை. நேரே சத்திரங்களின் பக்கத்துக்குப் போனான். 'சகல ஜனங்களும் சௌகரியமாகத் தங்கலாம்' என்று ஒவ்வொன்றுக்கும் நேரே அச்சடித்திருந்தது. படிக்க இதமாகத்தான் இருந்தது.

மூடி வைத்தான்.

மட்டக் காகிதத்தை எடுத்தான். இதை எழுதிய மகானுபாவனுக்கு நாசூக்கு என்ற பேச்சே கிடையாது. 'பஞ்சமருக்கு இடமில்லை.' அடுத்த சத்திரம், 'பஞ்சமருக்கு இடமில்லை.' அதற்கு அடுத்ததும் அதே.

சின்னப்பையனுக்குக் காது மடல் சுட்டது. பௌத்த சங்கத்தின் இரவுப் பள்ளியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுத்துக் கற்றது இதைப் படிக்கத்தானா என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. ஒரு சத்திரத்தையும் விடாமல் கீழே இறங்கினான்.

பக்கத்தின் அடியில், வைகைக்கு அக்கரையில் ஒரு சின்னச் சத்திரம். ஓட்டுக் கூரை, கிணறு உண்டு. அதற்கு நேரே அந்த வரி இல்லை.

அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதோ என்று புரட்டிப் பார்த்தான். அங்கேயும் இல்லை.

"இத்தக் குடுங்க."

சவரிநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சியில அடிச்சாப்ல எழுதிகீறான், அத்தப் போயி கேக்கறியே. நல்ல புஸ்தகம் இத்தோ கீது."

சின்னப்பையன் மடியிலிருந்த காசை எடுத்து எண்ண ஆரம்பித்தான். காரணம் சொன்னால் தெருவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

சொக்கம்மாள்தான் வெளியிலிருந்து சொன்னாள்.

"போன வாட்டி, கும்பகோணத்து வைத்தியருகிட்டப் போசொல்ல, நல்ல புஸ்தகந்தாண்ணே வாங்கினோம். எல்லாரும் தங்கலாம்னு போட்டிருந்துச்சி. ஒருத்தனும் உள்ள வுடல. கண்ணுக் கட்டோட ராவெல்லாம் கொளத்தங்கரையில கெடந்தேன்."

அப்போதுதான் அவள் கடைப் பக்கம் திரும்பினாள். வலது கண் முழுக்க வெள்ளையாக இருந்தது.