ஒரு செருப்பு மட்டும்

“இன்னிக்கும் பட்டறையத் தெறக்கலன்னா கஸ்டமரெல்லாம் வேற ஆளத் தேடிப் போய்ருவாங்க, கலா!” ஈப்போவிலிருந்து கார் ஓட்டி வந்த பத்துமலை புலம்பினான்.

“பேசாம எறங்குங்க,” என்றாள் அவன் மனைவி கலாதேவி.

பாகான் செராய் வயல் சேற்றைப் பார்த்ததும் அவன் செருப்பைக் கழற்றப் போனான்.

“கழட்டாதீங்க! ஒரு செருப்பு சேத்துல போகணும். வலது கால் செருப்பு.”

நேற்று பீடோரில் வயிறு வலிக்கும்வரை கொய்யாப்பழம் தின்றாகிவிட்டது. முந்தாநாள், அவன் கண்ணாடியைக் குரங்கு பிடுங்க வேண்டுமென்று கோயில் வாசலில் அரைநாள் நின்றான். கடைசியில் ஒரு குரங்குக்கு மனம் இரங்கியது.

பத்துமலை கண்ணை மூடிக்கொண்டு சேற்றில் விழுந்தான். ஒற்றைச் செருப்போடு எழுந்து வந்தான்.

பின் இருக்கையில் மகள் தாரணி கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“ஏன் பாப்பா, லீவு முழுக்க எழுத வேண்டிய டைரிய மொத நாளே எழுதி முடிச்ச?”

“அப்பதானேப்பா மிச்ச நாளெல்லாம் நிம்மதியா புத்தகம் படிக்கலாம்!”

“அதுக்கு நான் ஏன்லா சேத்துல விழணும்?”

“அவ கிளாஸ் டீச்சரே நான்தான். நடக்காதத எழுதியிருந்தா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?” என்றாள் கலாதேவி.

சேற்றுக் கையோடு பத்துமலை அந்த டைரியில் நாளைய பக்கத்தைப் புரட்டினான்.

‘அம்மா சத்தம் போட்டார். அப்பா திருப்பிச் சத்தம் போட்டார். அம்மா பயந்து வாயை மூடிக்கொண்டார்.’

அவன் முகம் மலர்ந்தது. “நாளைக்கும் பட்டறைக்கு லீவுலா!”

கலாதேவி எட்டிப் பார்த்தாள்.

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கைப்பையிலிருந்து அழிப்பானை எடுத்தாள்.