ரயிலடி குத்துச்சண்டைப் புலி

“பாக்சிங் பத்தி நல்ல புக்கா குடு சார், எங்க வூட்டுக்காரருக்கு.”

மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வச்சலா இப்படிக் கேட்டதும், செங்கல்பட்டு ரயிலடியில் வாடகைக்குப் புத்தகம் விடும் ஞானதாசுக்குத் தலைகால் புரியவில்லை. கடையிலிருந்த குத்துச்சண்டைப் புத்தகம் அத்தனையும் கரைத்துக் குடித்தவர் அவர்.

“அவர் சண்டை போடுவாரா?”

“மெட்ராஸ்ல போய்க் குத்துவாரு. போன தபா தாடை பேந்து வந்தாரு. பொங்கலுக்கு இன்னொண்ணு கீது.”

ஞானதாஸ் ஸ்டூலை ஒதுக்கினார். பட்டன் அறுந்த சட்டையின் கையை மடித்துக்கொண்டு காற்றை நாலு குத்து குத்தினார்.

“இடது கையை எப்படி விடணும்னு இதுல இருக்கு. காலை எப்படி வைக்கணும்னு இதுல. இந்தத் தடி புக்கு, மூக்குடைஞ்ச ஒரு சாம்பியனே எழுதினது!”

“எல்லாம் நீ படிச்சுகீறியா சார்?”

“ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை!”

“அப்ப மூணையும் குடு.”

“கவலையே படாதேம்மா. பொங்கலுக்கு உன் புருஷன்தான் ஜெயிப்பார்.”

“ஜெயிக்கவா? அந்தப் பாழாப்போன சண்டையே வேணான்னுதான் சார் எடுத்துகினு போறேன்.”

“புரியலையே?”

“நேத்து பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் உன் சட்டையைப் புடிச்சு உலுக்கினான் இல்ல? நீ அறுந்த பட்டனைப் பொறுக்கிகினு, அவன்கிட்டயே மன்னிப்பு கேட்டுட்டுப் போனே. யாரு இந்த சாதுன்னு விசாரிச்சேன். எந்நேரமும் பாக்சிங் புக்கு படிக்கிறவருன்னாங்க.”

வச்சலா புத்தகங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எங்க வூட்டுக்காரரும் உன்ன மாதிரி ஆயிட்டா போதும் சார்.”