கையுறைக்குள் ராசிக்கல்

“கழட்ட வேணாம் சார். கிளவுசுக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் வாசல் சோதனையில் இருந்த ஜினி.

விஜயபாஸ்கருக்கு உச்சி குளிர்ந்தது. வளைகுடா நாட்டு அணுமின் நிலையம் ஒன்றில் எரிந்து முடிந்த எரிபொருளைத் தண்ணீர்க் குளத்துக்குள் இறக்கி வருடக்கணக்கில் ஆறவைக்கும் கட்டடம் அது. குளத்தில் ஒரு குண்டூசி விழுந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவார்கள். மோதிரம், வாட்ச் எல்லாம் வாசலிலேயே கழற்றியாக வேண்டும், மேனேஜரான அவரும் விதிவிலக்கில்லை.

ஆனால் அவர் இடது கையில் இருந்தது ராசிக்கல். அது இறங்கினால் பதவியும் இறங்கும் என்று ஜோசியர் பயமுறுத்தி வைத்திருந்தார். இன்று வந்திருக்கும் ஆய்வுக்குழு திருப்தியாகத் திரும்பினால் அவர் டைரக்டர். இந்த நேரத்தில் எந்தப் புத்திசாலி கழற்றுவான்?

“நல்ல பொண்ணும்மா நீ. உனக்கு முன்னாடி இங்க ஒருத்தன் இருந்தான். கழட்டினாதான் உள்ள விடுவேன்னு ஒரே அடம். என்கிட்டயே ரூல் பேசறான்!”

“பெறவு?”

“அப்புறமென்ன? வேலை செய்யத் துப்பில்லாதவன்னு மேல சொன்னேன். விசா கேன்சல், கலாஸ், கதை முடிஞ்சுது. அழுதுக்கிட்டே பிளைட் ஏறினான்.”

“ஐயோ! அவரு பேரென்ன சார்?”

“பேரா? அதையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருக்கான்!”

ஜினி டேப்பை எடுத்தாள். அவருடைய இடது மணிக்கட்டில் கிளவுஸையும் சட்டைக் கையையும் சேர்த்து டேப் சுற்றினாள். மற்றவர்களுக்கு ஒரே சுற்று. அவருக்கு மட்டும் ஏழெட்டு. பெரிய மனிதர் என்றால் கவனிப்பும் பெரிதாகத்தானே இருக்கும் என்று பூரித்துக்கொண்டே உள்ளே போனார்.

குளத்தை நெருங்குவதற்குள் பாதுகாப்பு அதிகாரி ஆமிரா நேராக அவரிடம் வந்தாள். “இடது கையைக் காட்டுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து மோதிரத்தை உருவப் பார்த்தார். டேப் இம்மியும் அசையவில்லை. வெளியறைக்குக் கூட்டிப்போய் ஆமிரா அதை வெட்டியபோது, சிவப்புக் கல் எல்லோர் கண்ணிலும் பட்டது. குழுவின் முன்னாலேயே அவருடைய நுழைவு பாஸைப் பிடுங்கிக்கொண்டாள். டைரக்டர் பதவி மட்டுமல்ல, இருந்த வேலையும் போயிற்று.

நல்லா வேணும்!

கொதித்துப்போய் வாசலுக்கு வந்தார் விஜயபாஸ்கர். “உள்ள விட்டதும் நீ, போன் போட்டுச் சொன்னதும் நீ, அப்படித்தானே? நான் போறதுக்குள்ள உன்னையும் பிளைட் ஏத்தறேன் பாரு!”

ஜினி நாற்காலியை விட்டு எழவே இல்லை.

“ஏத்துங்க சார். ஏர்போர்ட்டுல என்னைக் கூட்டிட்டுப் போவ எனக்க மாப்பிள வருவாரு. நீங்க மறந்த அவரு பேரு ஜெகின்.”