கழுதைக்கு ஒரு மேஜை

'இந்தம்மாவை இன்னைக்கே வேலையை விட்டு எடுத்துடணும்' என்று முடிவு கட்டிவிட்டார் புது டீம் லீடர்.

லிஃப்ட்டுகளுக்கு புரோகிராம் எழுதும் கம்பெனி அது. லீடர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்த வாரமே, கை சும்மா இருக்குமா, தானும் புரோகிராமில் நாலு வரி எழுதிச் சேர்த்தவர்.

அவர் அறைக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்தம்மாவின் மேஜை. ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. மேஜைமேல் ஒரு துணிக் கழுதை. யார் எழுதியதால் லிஃப்ட் மக்கர் செய்கிறதோ, அவர் மேஜைக்குக் கழுதை போகும். அடுத்த ஆள் மாட்டும்வரை அங்கேயே இருக்கும். அந்த ஆபீஸ் வழக்கம் அப்படி. எட்டு மாதமாகக் கழுதை அக்காவை விட்டு நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் 'கழுதையக்கா' என்றே பெயர்.

நேற்று, புரோகிராம் வாங்க வந்தவர்கள் முன்னால் மானம் கப்பலேறிவிட்டது. மூன்றாவது மாடி பட்டனை அழுத்தினால், மாதிரி லிஃப்ட் நகராமல் கதவை மட்டும் திறந்து திறந்து மூடியது. "என் தப்புதான்" என்று அக்கா கை தூக்கினார்.

லீடர் கூப்பிட்டார்.

"மேடம், புரோகிராம்ல பாயின்டர் வெச்சா, அது எதைக் காட்டணும்னு முதல்ல சொல்லணுமா, வேணாமா?"

"சொல்லணும் சார்."

"பாயின்டர்ங்கறது விலாசச் சீட்டு. சீட்டுல விலாசம் எழுதாம லாரியை அனுப்பினா, சாமானை எவன் வீட்டுலயோ இறக்கிட்டு வருவான். மாடி நம்பரைக் கொண்டுபோய்க் கதவுக்கான இடத்துல இறக்கியிருக்கு! முதல் வருஷப் பாடம் மேடம் இது. எத்தனாவது தடவை?"

"நாலாவது சார். சரி பண்ணிட்டேன்."

அக்கா போனதும் மேலிடத்துக்குக் கடிதம் அடித்தார் லீடர். ஆதாரம் வேண்டுமே! எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிவு இருக்கும். திறந்தார்.

முதல் தப்பு: எழுதியது அக்கா இல்லை, பக்கத்து சீட்டுக்காரர்.

இரண்டாவது: வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண்.

மூன்றாவது: 'கழுதையக்கா' என்று பெயர் வைத்த அதே மகராசன்!

அக்காவின் பெயர், திருத்திய வரிகளில் மட்டும்தான் இருந்தது.

நாலாவதைத் திறக்க லீடருக்குப் பொறுமை இல்லை. கடிதத்தில் அக்கா பெயரை அழித்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"மேடம், ஊரார் தப்பையெல்லாம் நீங்க ஏன் சுமக்கறீங்க?"

"எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ் சார். கழுதை வந்தா சிரிச்சுட்டுப் போயிடுவேன். மத்தவங்க பயந்துட்டா, அடுத்த தப்பை மறைக்கப் பார்ப்பாங்க. லிஃப்ட்ல மனுஷங்க போறாங்களே."

லீடருக்கு அது புரிந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

"சரி, நேத்து என் மானத்தை வாங்கினது யாரு? சொல்லுங்க, லெட்டர் ரெடி. பேரைப் போட வேண்டியதுதான் பாக்கி."

"விடுங்க சார். ஆள் புதுசு."

"புதுசா இருந்தா? முதல் வருஷப் பாடம் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை? கழுதை யாருக்குப் போகணுமோ, இப்பவே போகட்டும்!"

அக்கா தயங்கினார். பிறகு கழுதையைத் தூக்கித் தூசி தட்டி, லீடரின் அறைக்குள் போய், அவர் மேஜைமேல் உட்கார வைத்தார்.