உப்பு பார்த்த கை

மாட்டுக்கறி மத்தியானத்திலிருந்தே சிறுதீயில் வெந்துகொண்டிருந்தது. ரோஸ்லின் அதைக் குக்கரில் வைப்பதில்லை. விசில் விட்டால் மிளகு கறிக்குள் இறங்காது என்பது அவள் கணவர் ஞானாதிக்கத்தின் கட்சி. உப்பும் அவர்தான் பார்ப்பார். கல்யாணமானதிலிருந்து ஒரு குழம்புக்கும் அவள் உப்பு பார்த்ததில்லை. இன்றும் சாற்றைக் கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டே கட்டிலுக்குப் போனாள். அவர் கையை விரித்தார். உள்ளங்கையில் ஊற்றி, "சரியா இருக்கா பாருங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் மூக்கில் செருகியிருந்த குழாய் அவள் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்த பிறகு கஞ்சித்தண்ணீர்கூட அதன் வழியாகத்தான் இறங்குகிறது. பேச்சும் போய்விட்டது. அவர் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சாற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுகையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, இன்னும் கொஞ்சம் என்று காட்டினார், எப்போதும் காட்டுவதைப் போலவே. கறியில் உப்பு போதுமா என்று அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அடுப்படிக்குத் திரும்பி ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் மகள் ஜெபா முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா இப்படிக் கரிக்குது! வாயில வைக்க முடியல."

"அப்பா பாத்த உப்புடி. பேசாம தின்னு" என்றாள் ரோஸ்லின், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கட்டிலிலிருந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கை விரித்தபடியே இருந்தது. சாறு வழிந்து போய், கொழுப்பு மட்டும் ரேகைகளில் வெள்ளையாக உறைந்திருந்தது.