அம்மாவோட கூட்டாளி

“நீதான் செத்துட்டியே, இன்னும் என்னடி வேணும் உனக்கு?”

பாலோ ஊர்ப் பொதுமண்டபத்தின் பின்பக்கத்தில் செல்லம் போட்ட சத்தம், உள்ளே நிதி விருந்தில் பாடிக்கொண்டிருந்த கராவோக்கேயையும் மீறிக் கேட்டது.

செல்லம் என் அடுத்த வீட்டுக்காரி. நான் அப்போது குழாயடியில் பீஹூன் நூடுல்ஸ் வறுத்த சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டி ஏற்கெனவே சுத்தம்தான். சண்டை நடக்கிற இடத்தில் சும்மா நிற்பது மரியாதையாக இருக்காதே.

“அந்த மாலைய எடுங்க அண்ணி. உசுரோட இருக்கிறவ படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?”

சொன்னவள் ஒல்லியாக, கட்டை முடியோடு, ஏதோ தொழிற்சாலைச் சட்டையில் நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் பிரவீனா. செல்லத்தின் தம்பி ஹேமநாதனின் மனைவி. உள்ளே மேசையில், புருஷன் படத்துக்குப் பக்கத்தில், மாலையும் விளக்குமாக இருப்பவள்.

அவர்கள் காஹாங் ஊரில் குடியிருந்தபோதே, மகன் ஜீவன் கைக்குழந்தையாக இருக்கையில், இவள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். லாரிக்காரனோடு என்று ஒரு பேச்சு. ஹேமநாதன் அடி தாங்காமல் என்று இன்னொரு பேச்சு. நான் இரண்டையும் வெளியூரில் சொல்லியிருக்கிறேன், கேட்கிற ஆளைப் பொறுத்து.

பிறகு ஹேமநாதன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்தான். மகள் ஷர்மினியும் ஜீவனும் அத்தை செல்லத்தின் வீட்டுக்கு வந்தார்கள்.

ஜீவனுக்கு இதயத்தில் கோளாறு. நாலு எட்டு ஓடினால் உதடு நீலமாகிவிடும். சென்னையில் ஆபரேஷன் செய்யலாம், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

நிதி திரட்ட முன்வந்த மனோகரன், தாய் எங்கே என்று கேட்டார்.

“அவ எங்களுக்குச் செத்துப் பல வருஷமாச்சு,” என்றாள் செல்லம்.

கோபத்தில் யாரும் சொல்வதுதான். மனோகரனோ தலையைக் குனிந்து அனுதாபம் தெரிவித்துவிட்டு, அந்தம்மா படம் இருக்கிறதா என்றார்.

செல்லம் திருத்தவில்லை. கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மறுவாரமே பேனர் ஏறியது: ‘தாய் தந்தையை இழந்த பிஞ்சுகள்’. ஊரே உருகியது. ஓடிப்போனவள் பிள்ளை என்றால் உருகியிருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இந்த ஊரைத் தெரியும்.

தன் சாவைப் பிரவீனா வாட்சப்பில் பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் செல்லத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே நானும் போனேன், சட்டியோடு.

நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் மாலையைப் பிடித்துவிட்டாள். பாடிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

படத்து முகத்தையும் இந்த முகத்தையும் பார்த்து ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்தக் கல்யாண மேக்கப் அப்படி. மாப்பிள்ளையே தடுமாறியிருப்பான்.

“யாரும்மா நீங்க?”

மனோகரன் மைக்கை இறக்காமலே கேட்டுவிட்டார். மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

பிரவீனா வாயைத் திறந்தாள்.

ஒரு வார்த்தை போதும். பேனர் பொய்யாகிவிடும். கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஜீவன் சென்னைக்குப் போகமாட்டான். செல்லம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது, சாப்பாட்டுக் கூப்பன் விற்றுக்கொண்டிருந்த ஷர்மினி வந்தாள். பதினோரு வயது. தாய் போனபோது முகம் மறக்கிற வயதில்லை அவளுக்கு.

“எங்கம்மாவோட கூட்டாளி, அங்கிள். இப்பதான் தெரிஞ்சு வந்திருக்காங்க.”

பிறகு தட்டிலிருந்து கொஞ்சம் பூவை எடுத்து, பிரவீனாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“போடுங்க ஆண்ட்டி.”

பிரவீனா மகளையே பார்த்தாள். அப்புறம், பிளாஸ்டிக் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு, யாரோ ஒரு ஆண்ட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜீவனைப் பார்த்தாள்.

போட்டாள்.

தன் படத்துக்குத் தானே பூப்போட்டுக் கும்பிட்டாள். அவள் அழுத அழுகையில் மண்டபமே அழுதது. அதற்கப்புறம் ஒரு கூப்பன் மிஞ்சவில்லை.

உயிரோடு இருப்பவளுக்கு ஏற்றிய விளக்கை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ஜீவன் சென்னைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தான். செல்லம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உலு திராமுக்குக் குடிபோனாள். வருஷங்கள் ஓடி, போன வருஷம் ஷர்மினிக்குக் கல்யாணம். சுகுமாறன் என்று நல்ல பையன். இரண்டு பேரும் இப்போது சிங்கப்பூரில்.

பிரவீனா மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. செத்தவளை யார் கட்டுவார்கள்? அவளும் உலு திராமுக்கே போய், செல்லத்தின் வீட்டுக்குப் பின்தெருவில் நாசி லெமாக் தேங்காய்ச்சோறு விற்கிறாள்.

இதைக் கல்யாணத்தில் ஜீவன்தான் சொன்னான். என்னைவிட உயரமாகிவிட்டான். அது யார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நானே!

“அந்த ஆண்ட்டி கடையிலதான் தெனமும் பசியாறுவேன் லா. அம்மா எப்படி சிரிப்பாங்க, என்ன கலர் பிடிக்கும், எல்லாம் சொல்வாங்க. எப்படி செத்தாங்கன்னு கேட்டா மட்டும், ஒவ்வொரு வாட்டியும் வேற வேற மாதிரி சொல்றாங்க.”