கண்ணாடி சாருக்குத் தெரியாதது எது?

“எல்லாம் கண்ணாடி சார் சொல்லிக் கொடுத்தது மேடம்!”

அறிவியல் கண்காட்சியில் வாங்கிய முதல் பரிசுக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஏழாம் வகுப்புச் சிறுமி மூச்சு வாங்கச் சொன்னாள். பாராட்டத் திறந்த வாயை நூலகர் அப்படியே மூடிக்கொண்டாள்.

கண்ணாடி சார் என்பவர் அவளுக்கு முன்னால் அந்தப் பள்ளியில் நூலகராக இருந்தவர். சோடாப்புட்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆள்தான் போனாரே தவிர, பேச்சு போகவில்லை.

“அவர்தான் இப்ப ஸ்கூல்லயே இல்லையே?”

“அடுத்த தெருவுலதானே மேடம் வீடு! ஸ்கூல் விட்டதும் நாங்க எல்லாரும் அங்கதான் போவோம். என்ன கேட்டாலும் அசரவே மாட்டாரு. ராத்திரி பூரா யோசிச்சு மறுநாள் சொல்லிடுவாரு. டால்பின் எப்படித் தூங்குதுன்னு கேட்டேனா, அதுக்கு அவரு...”

“சரி சரி, மணி அடிச்சாச்சு. கிளாசுக்கு ஓடு.”

சிறுமி போனபிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

இந்த அறைக்காக அவள் என்னதான் செய்யவில்லை? ஒட்டடை படிந்த அலமாரிகளைத் துடைத்து, புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பள்ளிக்கென்று ஒரு ஆப் கொண்டுவந்தாள். எந்தச் சந்தேகத்தையும் பிள்ளைகள் அதில் கேட்கலாம். கூச்சப்படுகிற பிள்ளையும் கேட்கட்டும் என்று, கேட்பவர் பெயர் தெரியாதபடி வைத்ததும் அவள்தான். நெட்டில் கிடைக்கிற முதல் பதிலை எடுத்துப் போடுகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. நாலு இடத்தில் தேடி, எது மெய், எது கட்டுக்கதை என்று பார்த்து, சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதுவாள். வீட்டில் ஒரு கை கரண்டியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை போனில் பதில் தட்டிக்கொண்டிருக்கும்.

அத்தனை பதில் போயும், ஒரு பிள்ளையாவது நேரில் வந்து ‘தேங்க்ஸ் மேடம்’ என்று சொன்னதுண்டா? நன்றியெல்லாம் மொத்தமாகக் கண்ணாடி சாருக்கே பட்டா போட்டாகிவிட்டது!

வீட்டில் புலம்பினால் கணவனுக்குச் சிரிப்பு.

“அடுப்புல ஏதோ கருகற வாசனையா, இல்ல உன் வயிறு எரியற வாசனையா? ஒண்ணும் புரியலயே!”

“உங்களுக்கென்ன, சிரிப்பீங்க. உழைக்கறது நான், மாலை அவருக்கு.”

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“உங்க வேலையில நான் குறை சொல்லலம்மா. ஆனா பரிசு வாங்கின மூணு பிள்ளைங்களும் மேடையில கண்ணாடி சார் பேரைத்தான் சொல்லுச்சுங்க. அவரையே வாரத்துல ரெண்டு நாள் வரச் சொல்லலாமான்னு பார்க்கறேன். உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

“ஒத்தாசையா? எனக்கா?”

“இன்னிக்கு ரெண்டு நாள்னு ஆரம்பிப்போம். அப்புறம் இந்த ஆப் எல்லாம் தேவைதானான்னு யோசிக்கலாம்.”

அவளுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. மாலை பள்ளி விட்டதும் நேரே அடுத்த தெருவுக்கு நடந்தாள். ஓய்வு பெற்றவர் ஓய்வாக இருக்கவேண்டியதுதானே, என் பிழைப்பில் ஏன் கை வைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு.

சலவைக் கடைக்கு மேல்மாடியில் வீடு. உள்ளேயிருந்து வந்த சிரிப்பும் கும்மாளமும் தெருவரை கேட்டன. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றாள். அவர்கள் திமுதிமுவென்று இறங்கிப் போன பிறகுதான் படியேறினாள்.

பெரியவர் தரையில் குனிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“வாங்கம்மா. எந்தப் பிள்ளையோட அம்மா நீங்க?”

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசனம் ஒன்று. வந்தது வேறு கேள்வி.

“எந்தக் கேள்விக்கும் அசராம பதில் சொல்றீங்களாமே சார்? அது எப்படி?”

பெரியவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“பிள்ளைங்க கிட்ட சொல்லமாட்டீங்கன்னா சொல்றேன். எனக்கு எங்கம்மா தெரியும்? இதுங்க கேக்கறதுல பாதி எனக்குப் புரியறதே இல்ல. பள்ளிக்கூட ஆப்ல பழைய ஸ்டாஃப் லிஸ்ட்டை அப்படியே ஏத்திட்டாங்க போல, என் பேரை இன்னும் யாரும் எடுக்கல. கேள்வியை அதுல போட்டுடுவேன். ராத்திரிக்குள்ள பதில் வந்துடும். அதை நாலு தடவை படிச்சு மனப்பாடம் பண்ணி, மறுநாள் இதுங்களுக்கு ஒப்பிச்சுடுவேன்!”



“அந்த ஆப்லயே கேக்கச் சொல்லலாமே சார், பிள்ளைங்களை?”

“நல்லா சொன்னீங்க! சொன்னா அப்புறம் இந்தப் படியை எந்தப் பிள்ளை ஏறும்?” என்று சிரித்த பெரியவர் சட்டென்று குரலைத் தணித்தார். “எனக்குப் பதிலா ஒரு பொண்ணு வந்திருக்காளாம், அவதான் அத்தனையும் எழுதறா. நான் பார்த்ததுகூட இல்ல. ஆனா ஒவ்வொரு பதிலைப் படிக்கும்போதும், அவ மேல எனக்கு வர்ற பொறாமை இருக்கே... அதை வெளியில சொல்ல முடியாதும்மா!”